எட்டு மடக்குத் தண்ணீர்

அவர் எதிரில் யாராலும் நிம்மதியாகத் தண்ணீர் குடிக்க முடியாது. தடுக்கமாட்டார். குடிக்கச் சொல்லித்தான் உயிரை வாங்குவார். "குடிங்க சிஸ்டர், நான் பாக்கேன்" என்பார். நர்ஸ் பாட்டிலை வாயில் வைத்ததிலிருந்து மூடியைத் திருகும் வரைக்கும் அந்தப் பெண்ணின் தொண்டைக்குழியையே பார்த்துக்கொண்டு கிடப்பார். "ஆறு மடக்கு. இன்னிக்கு அடிக்கிற வெயிலுக்கு இது காணாது" என்று முடிவு சொல்வார். புதிதாக வேலைக்கு வந்த ஒரு நர்ஸ், முதல் வாரமே பாட்டிலைத் தூக்கிக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய்க் குடிக்க ஆரம்பித்துவிட்டாள். எனக்கும் ஆரம்பத்தில் இந்த மனிதரைப் பற்றி நல்ல அபிப்பிராயம் இல்லை.

ராஜபாளையத்தில் ஒரு ஆஸ்பத்திரியின் மாடி. ஆறு கட்டில், ஆறு டயாலிசிஸ் மிஷின். செவ்வாய், வியாழன், சனி காலைகளில் மூன்றாவது கட்டில் எனக்கு, நான்காவது அவருக்கு. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஃப்ளெக்ஸ் போர்டு அடிக்கிற கடை வைத்திருக்கிறேன். அங்கிருந்து காலை பஸ் பிடித்து வந்து, நான்கு மணி நேரம் ரத்தத்தை வெளியே அனுப்பிச் சுத்தம் செய்து வாங்கிக்கொண்டு, தலை சுற்றலோடு மத்தியானம் திரும்பிப் போவேன். அவர் மம்சாபுரம். கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் பஸ் ஓட்டியவர். எங்கள் பிரிவில் எல்லோருக்கும் அவர் 'டிரைவர்'தான். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, நானும் இப்போது சொல்லப்போவதில்லை.

சிறுநீரகம் இரண்டும் போனவனுக்கு முதல் பிரச்சினை தண்ணீர். குடிப்பது வெளியே போக வழி கிடையாது. உடம்பிலேயே தங்கி, காலில் வீங்கி, கடைசியில் நெஞ்சில் கோத்துக்கொள்ளும். அதனால் ஒரு நாளைக்கு அரை லிட்டர், காப்பியும் ரசமும் மாத்திரைக்குக் குடிப்பதும் அதில் அடக்கம். மே மாதத்திலும் அதே அரை லிட்டர்தான். ஒவ்வொரு முறை போனதும் முதலில் எடை மிஷினில் ஏற்றுவார்கள். போன தடவையைவிட எத்தனை கிலோ கூடியிருக்கிறதோ அவ்வளவும் திருட்டுத்தனமாகக் குடித்த தண்ணீர். நான் பெரும்பாலும் மூன்று கிலோ, சில நாள் மூன்றரை. செருப்பைக் கழற்றிப் பார்ப்பேன், சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்து வைப்பேன். எடை மிஷின் அதற்கெல்லாம் மசியாது. டிரைவர் ஒரு கிலோவைத் தாண்டி நான் பார்த்ததில்லை. அரை லிட்டர் பாட்டிலில் பேனாவால் கோடு கிழித்து வைத்திருப்பார். காலைக்கு ஒரு கோடு, மத்தியானத்துக்கு ஒரு கோடு. மற்ற நேரத்தில் வாயில் ஒரு கிராம்பு.

"அண்ணாச்சிக்கு நாக்கு நீளம்" என்று என் எடையைக் கேட்டுவிட்டுச் சிரிப்பார். எனக்கு எரிச்சலாக வரும்.

அவருடைய இன்னொரு கிறுக்கு அந்த மடிக்கணினி. காலையில் மாணவர்களைக் கல்லூரியில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்ப ஏற்றும் வரைக்கும் டிரைவர்களுக்கு வேலை கிடையாது. வேப்ப மரத்தடியில் நிற்கிற பஸ்ஸுக்குள் மற்றவர்கள் தூங்கினார்கள், சீட்டாடினார்கள். இவர் கடைசி வருடம் படித்த ஒரு பையனிடமிருந்து பழைய மடிக்கணினியை வாங்கி, அதில் அவன் விட்டுவிட்டுப் போயிருந்த இரண்டு கம்ப்யூட்டர் கேம்களை வருடக்கணக்கில் ஆடினார். இரண்டும் ஒரே வரிசையைச் சேர்ந்தவை, முதல் பாகமும் இரண்டாம் பாகமும். பெரிய யுத்தத்தில் உலகம் எரிந்துபோய், மிச்சம் பிழைத்தவர்கள் இடிபாடுகளுக்குள் வாழ்கிற கதை. நாம் ஒரு ஆளாக அதற்குள் நுழைந்து ஊர் ஊராக நடக்க வேண்டும். யாரோடு சேர்வது, யாரை விட்டுவிடுவது என்று நாம்தான் முடிவெடுக்க வேண்டும். இடது கையில் இரண்டு ஊசி ஏறியிருக்க, வலது கையால் மவுஸைப் பிடித்து ஆடிக்கொண்டிருப்பார்.

பொழுது போக வேண்டுமே என்று இரண்டாம் பாகத்தை அவரிடம் வாங்கி என் கடைக் கம்ப்யூட்டரில் போட்டேன். பதினைந்து நாளில் அதில் விழுந்துவிட்டேன். அதற்குப் பிறகு மூன்றாவது கட்டிலுக்கும் நான்காவது கட்டிலுக்கும் எது ஒசத்தி என்று ஓயாத சண்டை. எனக்கு இரண்டாவதுதான். அதில் நகரம் இருக்கிறது, பேசத் தெரிந்த மனிதர்கள் இருக்கிறார்கள், தப்பாக ஒரு முடிவெடுத்தால் பின்னால் போய் மாற்றிக்கொள்ளலாம். முதல் பாகத்தில், அவர் ஆடும்போது நான் எட்டிப் பார்த்த வரைக்கும், திரை பூராவும் காவி நிறப் புழுதி. நடந்துகொண்டே இருக்க வேண்டும்.

"அண்ணாச்சி, மொத ஆட்டத்துல மூலையில ஒரு நீலக் கோடு இருக்கும் பாருங்க" என்றார் ஒருநாள். "அது இவனோட தாகம். நடக்க நடக்கக் கொறையும். தீந்துச்சுன்னா ஆளு காலி. அதனால கிணத்தத் தேடணும், கேன்ல புடிக்கணும், குடிக்கணும். ரெண்டாவதுல அந்தக் கோட்டையே எடுத்துட்டானுவ."

"நல்லதுதானே. சும்மா சும்மா தண்ணி தேடிக்கிட்டு அலையறது ஒரு விளையாட்டா? ஆடுறவங்க தொந்தரவா இருக்குன்னு சொல்லியிருப்பாங்க. எடுத்திருப்பான்."

"தொந்தரவா!" என்று மவுஸை விட்டுவிட்டுத் திரும்பினார். கை ஆடியதில் மிஷின் கத்தியது. நர்ஸ் ஓடிவந்து குழாயைச் சரிசெய்து இரண்டு பேரையும் திட்டிவிட்டுப் போனாள். அவர் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார். "ரெண்டாவதுல ஒரு ஆறு வருதுல்ல. நீங்களும் பாத்திருப்பிய. இடுப்பளவு தண்ணியில நிக்கான் அண்ணாச்சி. மழை வேற பெய்யுது. ஒரு வாய் அள்ளிக் குடிக்க வழியில்ல. எல்லாப் பித்தானையும் அமுக்கிப் பாத்துட்டேன். அந்த எடத்தோட நிப்பாட்டினவன்தான், அதுக்கு மேல நான் போனதே இல்ல."

பிறகு முதல் பாகத்தைத் திறந்து, ஒரு கிணற்றடிக்குப் போய், சத்தத்தைக் கூட்டி வைத்து ஒரு பித்தானை அழுத்தினார். திரையில் கந்தல் உடுத்திய ஆள் கேனைத் தூக்கி அண்ணாந்து குடித்தான். மடக், மடக் என்று எட்டு முறை. நீலக் கோடு ஏறியது. இவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மடக்குக்கும் அவருடைய தொண்டையும் ஏறி இறங்கியது. எனக்குப் பார்க்கக் கூச்சமாக இருந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அந்தக் கிணற்றடியில் ஒரு பெண் கைக்குழந்தையோடு தண்ணீர் கேட்டு உட்கார்ந்திருந்தாள். அவர் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போனார். "ஒரு வாய் குடுத்தாத்தான் என்ன, டிரைவரே? சிஸ்டரை மட்டும் குடி குடின்னு தொந்தரவு பண்றீங்க" என்றேன்.

"அவிய குடிச்சா எனக்குக் கொறையாது. இவளுக்குக் குடுத்தா கொறையுமே" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

இதெல்லாம் ஏன் என்று ஒருநாள் அவராகவே சொன்னார். பஸ் ஓட்டிய காலத்தில் அவர் தண்ணீரே குடிக்கமாட்டார். குடித்தால் வழியில் நிறுத்த வேண்டிவரும். பஸ் நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு எங்கே நிறுத்துவது? காலையில் ஒரு டீ, அதோடு சரி. இடுப்பு வலிக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கி, அதையும் சில நாள் எச்சிலைக் கூட்டி விழுங்கியிருக்கிறார். பத்து வருடம். "வண்டிக்குள்ள எப்பவும் ரெண்டு கேன் தண்ணி கெடக்கும் அண்ணாச்சி. குடிக்கலாம்னு இருந்தப்ப குடிக்கல" என்றார். அதற்குப் பிறகு அவர் மற்றவர்களின் தொண்டையைப் பார்ப்பது எனக்கு முன்போல எரிச்சலாக இல்லை.

கல்யாணம் ஆகாதவர். வீட்டில் அவரும் அக்காவும்தான். அக்கா அவரைவிட எட்டு வயது மூப்பு, கணவரை இழந்தவர், களை பறிக்கக் காட்டு வேலைக்குப் போகிறவர். டயாலிசிஸ் நாளில் வேலையை விட்டுவிட்டுத் தம்பியோடு வந்து, எங்கள் பிரிவுக்கு வெளியே நடையில் போட்டிருக்கும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். தன் சிறுநீரகத்தில் ஒன்றைத் தம்பிக்குத் தருவதாக அவர் சொல்லி, தை மாதத்தில் மதுரையில் எல்லாச் சோதனையும் முடிந்து, பொருத்தம் சரி என்று வந்துவிட்டது. காகித வேலைகள் முடிய ஆடி ஆகும் என்றார்கள். அதுவரை தம்பி தண்ணீரில் கட்டுப்பாடாக இருந்து இதயத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் பாக்கி. "ஆபரேசன் முடிஞ்சா ஒரு நாளைக்கு மூணு லிட்டர் குடிக்கச் சொல்லுவாங்களாம். வீட்டுக்கு வாங்க, உங்க முன்னால உக்காந்து குடிக்கேன். நீங்க எண்ணுங்க" என்று டிரைவர் என்னிடம் சொன்னார்.

என் மிஷின் அவருடையதைவிட அரை மணி முன்னால் முடியும். தலைசுற்றல் அடங்கும்வரை நான் நடைப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். அப்படித்தான் அதைப் பார்த்தேன். அக்கா கையிலும் தம்பியுடையதைப் போலவே ஓர் அரை லிட்டர் பாட்டில், அதிலும் பேனாக் கோடு. மே மாதம். ஆஸ்பத்திரி வாசலில் சப்பட்டை மாம்பழம் குவித்து விற்றுக்கொண்டிருந்தார்கள். கீழிருந்து வந்த காற்றே அனலாக இருந்தது. அக்காவின் உதடு வெடித்திருந்தது. நாலு தப்படியில் பெரிய தண்ணீர்க் கேன் இருந்தது. அவர் எழவில்லை.

"அக்கா, அந்தக் கேன்ல புடிச்சுக் குடிங்களேன்."

"வேண்டாந்தம்பி. அவன் குடிக்கிற அளவுதான் நானும். பொருத்தனை பண்ணியிருக்கேன்" என்றார். ஆண்டவருக்கு நேர்ந்துகொண்டதாம். தம்பி வயிறாரத் தண்ணீர் குடிக்கிற நாள் வரைக்கும், அவன் குடிப்பதைவிட ஒரு மடக்கு கூடக் குடிப்பதில்லை என்று. கிறிஸ்மஸிலிருந்தே நடக்கிறது. காட்டு வேலைக்குப் போகிற நாளிலும் அரை லிட்டர்தான். "அவன்ட்ட சொல்லிராதிய. ஒங்களக் கையெடுத்துக் கும்பிடுதேன்."

உள்ளேயிருந்து டிரைவரின் குரல் கேட்டது. "எக்கா, தண்ணி குடிச்சியா?" அக்கா பாட்டிலைச் சாய்த்து இரண்டு விரலை நனைத்து, உதட்டில் தடவிக்கொண்டார். கதவருகே போய் நின்று, "இப்பத்தாம்லே குடிச்சேன்" என்றார். ஈர உதட்டைப் பார்த்து அவரும் தலையாட்டினார். வீட்டில் அடுப்படிக்குள்ளும் இங்கே நடையிலும் இருந்துவிட்டதால் அக்கா ஒருத்தியின் தொண்டையை மட்டும் அவர் பார்த்ததே இல்லை.

நான் சொல்லவில்லை. எங்கள் வீட்டுப் பக்கமும் தீச்சட்டி எடுக்கிறார்கள், மண்சோறு தின்கிறார்கள். நேர்ந்துகொண்டதைக் கலைக்கக் கூடாது என்று ஊறிப்போன புத்தி. போதாததற்கு, இப்படி ஒரு அக்காவா என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேன். பஸ்ஸில் வரும்போது நினைத்து நினைத்துக் கண் கலங்கினேன். மடையன்.

ஆனி மாதம் கடைசிச் சோதனைக்கு மதுரைக்குப் போனார்கள். அக்காவின் இரண்டு சிறுநீரகத்திலும் கல். ரத்தத்தில் உப்பும் ஏறியிருந்தது. தை மாதம் நன்றாக இருந்தது எப்படிக் கெட்டது என்று டாக்டர் துருவிக் கேட்டதில் எல்லாம் வெளியே வந்துவிட்டது. இவரால் தர முடியாது என்றார் டாக்டர். இதோடு நிறுத்தி நன்றாகத் தண்ணீர் குடிக்காவிட்டால் இவரும் தம்பிக்குப் பக்கத்துக் கட்டிலில் படுக்க வேண்டிவரும் என்றும் சொல்லியிருக்கிறார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை டிரைவர் மடிக்கணினியைத் திறக்கவில்லை. நர்ஸ் பாட்டிலை எடுத்தபோது கண்ணைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அப்படியே, "ஊரு பூரா எண்ணினேன். அவள எண்ணலையே" என்றார். எனக்கு முன்பே தெரியும் என்பதை நான் அவரிடம் ஒப்புக்கொண்டேன். தன் பாட்டிலின் பேனாக் கோட்டை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் தேவலை.

அதற்கடுத்த வாரம் எடை மிஷினில் அவர் மூன்று கிலோ கூடியிருந்தார். நர்ஸ் அவரை இறக்கி மறுபடி ஏற்றினாள். அதே மூன்று. அடுத்த முறை மூன்றேமுக்கால். முகம் உப்பிவிட்டது. படுத்தால் மூச்சு வாங்குகிறது என்று கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தச் சொன்னார். டாக்டர் வந்து கத்திவிட்டுப் போனார். மனசு விட்டுப்போய்க் குடிக்கிறார் என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

"என்ன டிரைவரே, என்னையே தோக்கடிச்சிட்டீங்க" என்று பேச்சுக் கொடுத்தேன்.

"அவ பொருத்தனைய விடமாட்டேங்கா அண்ணாச்சி. சபைப் போதகர் வந்து சொல்லிப் பாத்துட்டாரு. 'நான் ஒங்களுக்கா நேந்தேன்'னு கேக்கா. நான் குடிக்கிற அளவுதான் குடிப்பாளாம்." மூச்சு வாங்கிக்கொண்டார். "அதான் நான் குடிக்கேன். நான் ஒரு டம்ளர் குடிச்சா அவ ஒரு டம்ளர் குடிக்கா. முன்னால உக்காந்து எண்ணிப் பாத்துட்டேன். நெசமாவே குடிக்கா."

நான் தலையைத் தூக்கி நர்ஸைத் தேடினேன். "உங்க நெஞ்சுல கோத்துக்கும்யா. இருங்க, சிஸ்டர்ட்ட சொல்றேன். டாக்டர் அக்காவைக் கூப்பிட்டுப் பேசட்டும்."

ஊசி ஏறாத கையால் என் கட்டில் கம்பியைப் பிடித்தார். "ஏற்கனவே ஒரு தடவ வாய மூடிக்கிட்டு இருந்தீங்கள்ல. இதுக்கும் இருங்க."

நியாயமாகப் பார்த்தால், அவர் என்ன சொன்னாலும் கேட்காமல் அன்றைக்கு நான் கத்தியிருக்க வேண்டும். இரண்டு பேருக்காகவும் இரண்டு முறை வாயை மூடிக்கொண்டிருந்தவன் நான். இதை எழுதும்போதும் அது என்னை விடவில்லை.

சனிக்கிழமைக்கும் செவ்வாய்க்கிழமைக்கும் நடுவில் எங்களுக்கு இரண்டு நாள் மிஷின் கிடையாது. அந்த இடைவெளிதான் எங்களில் பலரை வாங்கிக்கொண்டு போகும். ஒரு செவ்வாய்க்கிழமை நான் போனபோது நான்காவது கட்டிலில் புது விரிப்பு போட்டிருந்தது. திங்கட்கிழமை விடியக்காலம் மூச்சு முட்டி, ஆட்டோ வருவதற்குள் போய்விட்டாராம். அன்றைக்குச் சாயங்காலமே அடக்கமும் முடிந்துவிட்டது. நான்கு மணி நேரம் அந்தக் கட்டிலைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். ஊசியைப் பிடுங்கியதும் நேராக மம்சாபுரத்துக்கு பஸ் ஏறினேன்.

வீட்டுக்குள் அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டுப் பெண் சொம்பில் தண்ணீரோடு எதிரில் குத்துக்காலிட்டு இருந்தாள். "நேத்து அடக்கம் முடிஞ்சதுலருந்து ஒரு சொட்டு எறங்கல சார். நீங்களாவது சொல்லுங்க. டாக்டர் அம்புட்டு சொல்லிவிட்டும் இப்படிக் கெடந்தா என்ன ஆவுறது?" என்றாள். அக்காவின் உதட்டில் ரத்தம் கட்டியிருந்தது.

"அக்கா, கொஞ்சம் குடிங்க."

"அவன் குடிக்கிற அளவுதான் தம்பி" என்றார். குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது. "இப்ப அவன் எங்க குடிக்கான்?"

என்ன சொல்லியும் பிரயோஜனம் இல்லை. தம்பி உங்களுக்காகத்தான் குடித்தார் என்றேன். தெரியும் என்பதுபோலக் கண்ணை மூடிக்கொண்டார். நான் எழுந்தேன். அலமாரியில் துண்டு போட்டு மூடி அந்த மடிக்கணினி இருந்தது. எடுத்து வந்து அவர் முன்னால் தரையில் வைத்துத் திறந்தேன். திரையில் இரண்டு ஆட்டமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. எனக்குப் பிடித்தது இரண்டாவது. அதில் தண்ணீர் குடிக்க முடியாது. முதலாவதைத் திறந்தேன்.

டிரைவர் கடைசியாக நிறுத்திய இடத்தில் அந்தக் கந்தல் ஆள் கேன் நிறையத் தண்ணீரோடு ஒரு கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தான். மூலையில் நீலக் கோடு பாதிக்குக் கீழே இருந்தது. சத்தத்தைக் கூட்டிவிட்டு, அவர் அழுத்துகிற பித்தானை அழுத்தினேன். மடக், மடக் என்று அந்தச் சிறிய அறை முழுக்கக் கேட்டது.

அக்கா கண்ணைத் திறந்தார்.

"யாரு குடிக்கா?"

"தம்பிதான்க்கா."

எட்டும் முடியும்வரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டினார். பக்கத்து வீட்டுப் பெண் சொம்பைக் கொடுத்தாள். நான் அவருடைய தொண்டைக்குழியைப் பார்த்தபடி எண்ணினேன். எட்டு மடக்கு. சொம்பைக் கீழே வைத்துவிட்டுத் திரையைப் பார்த்துக் காத்திருந்தார். நான் மறுபடி அழுத்தினேன்.

சொம்பு காலியானபோது திரையில் கேனும் காலியாகியிருந்தது. அந்தக் கிணறும் வற்றிவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண் சொம்பை நிரப்பிக்கொண்டு வந்தாள். அடுத்த கிணறு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, நான் அந்த ஆட்டத்தை ஆடியதே இல்லை. மவுஸைப் பிடித்து, புழுதிக்குள் டிரைவரை நடக்க விட்டேன்.